படகு வராத பாட்டு

அவள் துறைமுகத்தில் காத்திருந்தாள். மழை பெய்தது. விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. படகு வரவில்லை.

போங்சு இதையே மூன்றாவது தடவையாகப் பாடிக்கொண்டிருந்தார்.

படகு இரண்டாம் பக்கத்தில் இருந்தது. எதிரே தாங்கியில் மாட்டியிருந்த டேப்லெட்டோ முதல் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. போங்சு அதை முறைத்துக்கொண்டே இடது காலால் பெடலை மிதித்தார். பெடலில் நீல விளக்கு ஜம்மென்று எரிந்தது. பக்கம் மட்டும் புரளவில்லை.

அவருக்கு இரண்டு பெடல்கள். இடது காலுக்கு உள்ளது கம்பியில்லாமல் பாட்டு வரிகளைப் புரட்டும். வலது காலுக்கு உள்ளது டிரம் பெட்டி. ஒரு தட்டுத் தட்டினால் தாளம் தொடங்கும். அழுத்திப் பிடித்தால் அடுத்த வேகத்துக்குத் தாவும். சட்சட்டென்று இரண்டு தட்டுத் தட்டினால் நிற்கும். கழுத்தில் கிதார், வாய்க்கு நேரே மைக். ஒரே ஆள், முழுக் கச்சேரி.

முன்பு நாலு பேராக இருந்தார்கள். டிரம்காரர் வறுத்த கோழிக் கடை வைக்கப் போனார். கீபோர்டுகாரர் அந்தக் கடைக்கு எதிரிலேயே இன்னொரு வறுத்த கோழிக் கடை வைத்தார். பேஸ் வாசித்தவர் இரண்டு கடையிலும் கடன் சொல்லிச் சாப்பிட்டு, இருவருக்கும் முகம் காட்ட முடியாமல் ஊரை விட்டே போனார். போங்சுவுக்கு மிஞ்சியது பெடல்கள்தான்.

"மொக்போ டவுன் பஸ்ஸை இத்தனை வருஷம் காலாலதானே ஓட்டினேன்? பெடல் எனக்குப் புதுசா?" என்று மனைவி கும்ஜாவிடம் அளந்துவிட்டுத்தான் அவற்றை வாங்கினார்.

"அது சரி. பாட்டு வரியெல்லாம் மனசுல நிக்காதா? அதுக்கு ஒரு பெடல் வேற எதுக்கு?"

"நிக்கும். ஆனா எல்லாப் பாட்டுலயும் ஒரு துறைமுகம், ஒரு மழை, ஒரு பொம்பள. எந்த மழையில எந்தப் பொம்பள நின்னான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

இன்று வெள்ளி மேகம் திருமண மாளிகையின் இரண்டாவது ஹாலில் சுன்தோக் அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். மீன் மார்க்கெட்டில் ஏலம் விடுகிற அம்மா. அவர் குரல் எழும்பினால் இறால் கூடைகள் தாமாகவே நகரும் என்று பேச்சு. அரிசிக் கேக் கோபுரத்துக்கும் பழக் கோபுரத்துக்கும் நடுவே, பட்டு ஹன்போக் உடுத்தி, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். கீழே நீள மேசைகளில் மார்க்கெட் பெண்கள் மொத்தப் பேரும், உறவுக்காரர்கள் பாதிப் பேரும், புளித்த திருக்கை மீனின் வாசனை முழுவதும்.

கச்சேரிக்கு முன்பே மாளிகையின் மேலாளர் தாக் அவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ஐயா, இன்னிக்கு நல்லபடியா முடிச்சுக் குடுங்க. இங்க நடக்கிற பிறந்தநாள் விருந்தெல்லாம் இனிமே உங்களுக்குத்தான். சொதப்பினா, ஸ்பீக்கர்ல பாட்டுப் போட எங்க கண்ணாடி துடைக்கிற ஆளே போதும். ஒண்ணே ஒண்ணு, சத்தம் அளவா இருக்கட்டும். நடுவுல இருக்கிறது மடக்குத் தடுப்புதான். அந்தப் பக்கம் முதல் ஹால்ல மணிக்கு ஒரு கல்யாணம்."

அந்தத் தாக் இப்போது கதவோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

அவள் துறைமுகத்தில் நான்காவது தடவையாகக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

"ஏம்பா பாட்டுக்காரா!" சுன்தோக் அம்மா மைக் இல்லாமலே கேட்டார். "நானும் பொறந்ததுலேர்ந்து துறைமுகத்துல கெடக்குறேன். எந்தப் படகும் இவ்வளவு லேட்டா வந்ததில்லையே?"

ஹால் சிரித்தது. போங்சுவுக்குக் காது சூடானது. இடது காலால் டக் டக் டக்கென்று மிதித்தார். நீல விளக்கு புன்னகைத்தது. சரி, வரியை நாமே கட்டிவிடலாம் என்று துணிந்தார். கண்ணை மூடிக்கொண்டு, உருக்கமாக,

"படகு வந்தது, படகு வந்தது, ஜேஜூத் தீவிலிருந்து வந்தது!
ஆரஞ்சுக் கூடை தோளில் ஏந்தி அவரே வந்து இறங்கினார்!" என்று இழுத்தார்.

கண்ணைத் திறந்தபோது ஹாலில் ஒரு கரண்டிகூட அசையவில்லை. டிரம் பெட்டி மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை போல டும் டக், டும் டக் என்றது.

அம்மாவின் மூத்த மகன் கியூதே குனிந்தபடி ஓடிவந்தார். "ஐயோ, ஐயா! எங்கப்பா ஜேஜூவுக்குப் போனவருதான். நூடுல்ஸ் கடைக்காரியோட."

"அடடா. எப்பத் திரும்பி வந்தாரு?"

"எங்க வந்தாரு?"

போங்சுவின் விரல்கள் தப்பான கம்பியில் போய் ஒளிந்துகொண்டன. கோபுரங்களுக்கு நடுவிலிருந்து சுன்தோக் அம்மாவின் குரல் நிதானமாக வந்தது. "இறக்கிவிட்ட ஆளைத் திரும்பப் படகுல ஏத்துப்பா."

போங்சு ஏற்றினார். ஆரஞ்சுக் கூடையைப் பிடுங்கிக் கரையில் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் ஏற்றினார். படகு கிளம்பியது, அலை பெரிசானது, அவர் வாந்தியும் எடுத்தார். மார்க்கெட் பெண்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். தாக்கின் கட்டிய கை ஒன்று லேசாக அவிழ்ந்தது.

தப்பித்தோம் என்று போங்சு டேப்லெட்டைப் பார்த்தார். அவள் துறைமுகத்தில் காத்திருந்தாள்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். பக்கத்து ஹாலில் மணப்பெண்ணின் நீளப் பாவாடை தரையில் புரளாமல் தூக்கிப் பிடிக்கிற உதவியாள்.

"அண்ணே, டிரம்மைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா? எங்க ஹெட்மாஸ்டர் ஐயா தடுமாறுறாரு."

"எந்த ஹெட்மாஸ்டர்?"

"கல்யாணம் நடத்தி வைக்கிறவரு. எதிர்ல இருக்கிறதைப் பார்த்து அப்படியே படிச்சுடுவாரு, ஒரு நாளைக்கு ஆறு கல்யாணம் வரைக்கும் தாங்குவாரு. இன்னிக்கு என்னமோ 'வந்திருக்கும் பெரியோர்களே'ன்னு ஆரம்பிச்சு, மூச்சு விட்டுட்டு, 'வாசல்ல குடையை மறக்காம எடுத்துட்டுப் போங்க'ன்னு முடிச்சிட்டாரு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கோம்."

"வயசாச்சுல்ல, பாவம்," என்றார் போங்சு. "என் டிரம்மால ஒருத்தர் கல்யாணம் கெட்டுச்சுன்னு இருக்க வேணாம்." டிரம் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். அவள் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு ஓடினாள்.

போங்சு மேடையிலிருந்தே கும்ஜாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கும்ஜா ஓரமாக உட்கார்ந்து விலா எலும்புக் குழம்பை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையோடு வந்தாள்.

"என்னங்க, படகு ரிப்பேரா?"

"கேலி பேசுற நேரமா இது? பெடல் செத்துப்போச்சு. நான் தலையாட்டும்போது விரலால ஒரு தள்ளு தள்ளு. அடுத்த பக்கம் வரும்."

தலையாட்டினார். கும்ஜா தள்ளினாள். குழம்பு விரலுக்கு டேப்லெட் மசியவில்லை. மறுபடி தள்ளினாள். கண்ணாடியில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. கோபத்தில் ஜவுளிக்கடைக்காரர் துணி விரிக்கிற மாதிரி ஒரே இழுப்பு இழுத்தாள். பக்கங்கள் சரசரவென்று ஓடி, எங்கோ போய் நின்றன.

போங்சு எதிரே வந்ததைப் பாடினார். "அவள் துறைமுகத்தில்... துப்பாக்கி ஏந்தி முன்னே செல்வோம்! எல்லைக் குன்றில் பனி பெய்தாலும் ஏறுவோம் வீரர்களே!"

பட்டாளத்துப் பாட்டு. கட்டாய இராணுவச் சேவையை முடிக்காத ஆண் அந்த ஹாலில் யார் இருக்கிறார்கள்? சூப் குடித்துக்கொண்டிருந்த கிழவர்கள் சூப்பை வைத்துவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார்கள். ஒருவர் சல்யூட் அடித்தார். கியூதே நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி நடக்க ஆரம்பித்தார்.

"என் பொறந்தநாளா, இல்ல போர் வந்துடுச்சா?" என்று சுன்தோக் அம்மா கேட்டார்.

கதவோரம் தாக் இரண்டு கைகளையும் மறுபடி கட்டிக்கொண்டார்.

"பின்னாடி தள்ளு, பின்னாடி!" என்று போங்சு பல்லைக் கடித்தார்.

"நீங்க முதல்ல எதைப் பாடணும்னு முடிவு பண்ணுங்க. காத்திருக்கிறவ, சண்டைக்குப் போறவன், ரெண்டு பேரையும் என்னால பார்த்துக்க முடியாது." கும்ஜா எப்படியோ துறைமுகத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். வந்தது முதல் பக்கம். பிறகு குனிந்து இடது பெடலைப் பார்த்தாள். "இது செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது? விளக்கு எரியுதே."

"எரிஞ்சா என்ன? வேலை செய்யலையே."

"நீங்க மிதிக்கிற லட்சணம் அப்படி. பூ மேல நடக்கிற மாதிரி மிதிக்கிறீங்க. இத்தனை வருஷமா இப்படித்தான் பஸ் ஓட்டினீங்களா? அதான் பிரயாணிங்க எல்லாம் நடந்தே போனாங்களா? கம்பளி துவைக்கிற மாதிரி மிதிக்கணும். தள்ளுங்க அப்படி."

கும்ஜா செருப்பைக் கழற்றினாள். வசந்தகாலம் வந்தால் தொட்டியில் கம்பளியைப் போட்டு ஏறி மிதிக்கிற மிதி, மொக்போவில் அவளை மிஞ்ச ஆளில்லை. இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது பெடல் மேல் ஏறினாள். தொம். தொம். தொம். தொம்.

டேப்லெட்டில் அவள் அசையாமல் காத்திருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று கைதட்டல் கேட்டது. உடனே நின்றது. கல்யாண இசை ஆரம்பித்தது. அதுவும் நின்றது.

"அவங்க நம்மளைத் திட்டுறாங்க போல, மெல்ல மிதி!"

"மெல்ல மிதிச்சா அழுக்குப் போகாது!"

தொம். தொம். அடுத்த தொம் சற்று வழுக்கி, அவளுடைய வலது குதிகால் டிரம் பெட்டி மேல் இறங்கியது. இறங்கியது என்றால் தட்டிவிட்டு எழும்பவில்லை, உட்கார்ந்துகொண்டது. பெட்டி அதை அடுத்த வேகத்துக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டது. சத்தக் குமிழையும் அவள் கட்டைவிரல் ஒரு திருகு திருகிவிட்டது.

டும் டக் என்று நொண்டிக்கொண்டிருந்த தாளம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கும்ஜா எகிறிக் குதித்தாள்.

இங்கேதான் போங்சுவின் வாழ்க்கை அனுபவம் அவருக்கு எதிராகத் திரும்பியது. நிறுத்து என்று யாராவது கத்தினால் அவருடைய வலது கால் என்ன செய்யும் என்பது அவர் கையில் இல்லை. மாடு குறுக்கே வந்தாலும், மாணவர்கள் குறுக்கே வந்தாலும், அந்தக் கால் செய்யப் பழகியது ஒன்றே ஒன்று. முழு உடம்பின் கனத்தையும் இறக்கி அழுத்தி, அப்படியே பிடித்துக்கொள்ளும்.

அழுத்திப் பிடித்தார். தாளம் அடுத்த வேகத்துக்குத் தாவியது.

பயந்துபோய் இன்னும் அழுத்தினார். அதற்கும் அடுத்த வேகம்.

"ரெண்டு தட்டு தட்டணும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"காலு எழும்ப மாட்டேங்குது கும்ஜா! பிரேக்குன்னு நினைச்சுக்கிச்சு!"

கைகள் என்ன செய்யும்? தாளத்தைத் துரத்திக்கொண்டு கிதாரைப் பறட்டுப் பறட்டென்று பிறாண்டின. வாய் என்ன செய்யும்? எதிரே இருந்ததைப் பாடியது. துறைமுகப் பெண் இப்போது மூச்சிரைக்கக் காத்திருந்தாள். மழை குடம் குடமாகக் கொட்டியது. விளக்கு அணைந்த வேகத்தில் எரிந்தது.

முதலில் எழுந்தது நண்டு விற்கிற ஒரு பெண். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "ஏ!" என்று ஒரு கூச்சல் போட்டாள். அவ்வளவுதான். மார்க்கெட் முழுவதும் எழுந்துவிட்டது. நாற்காலிகள் ஓரம் போயின. சற்றுமுன் விறைப்பாக நின்ற கிழவர்கள் வரிசையாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயிலாக ஓடினார்கள். கியூதே அந்த ரயிலில் மாட்டிக்கொண்டு இறங்க வழியில்லாமல் சுற்றிவந்தார். அரிசிக் கேக் கோபுரம் ஆடியது, சாய்ந்தது, சரிந்தது. யாரும் கவலைப்படவில்லை. காலில் ஒட்டிய கேக்கோடு ஆடினார்கள்.

சுன்தோக் அம்மா ஹன்போக்கின் பாவாடையை இடுப்பில் செருகினார். மேசை மேல் ஏறினார். "வஞ்சிரம்! ஒண்ணாம் தரம்! யாரு கேக்குறீங்க?" என்று தாளத்துக்கு ஏலம் போட ஆரம்பித்தார். பாட்டும் ஏலமும் ஒன்றாகக் கலந்தன. அவள் துறைமுகத்தில் காத்திருந்தாள், கூடைக்கு என்ன விலை என்று ஹால் பதில் பாடியது.

"என்ன ஆனாலும் சரி, நான் பிடுங்கிடறேன்," என்று கும்ஜா மேடைக்கு அடியில் நுழைந்தாள். மின்கம்பியைத் தேடிப் பிடித்து உருவினாள். டிரம் பெட்டி செத்தது. மைக்கும் சேர்ந்து செத்தது. போங்சுவின் கால் அப்போதும் பிரேக்கிலேயே இருந்தது.

ஆனால் ஹால் நிற்கவில்லை. கரண்டியாலும் கிண்ணத்தாலும் மேசையாலும் அதே வேகத்தில் தாளம் ஓடியது. சுன்தோக் அம்மா கடைசி வஞ்சிரத்தையும் விற்று முடித்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து, தாமே நிறுத்தினார். கைதட்டலில் பழக் கோபுரமும் உருண்டது.

போங்சு கிதாரைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பிறந்தநாள் அம்மா மேசையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் வருவது தெரிந்தது.

"அம்மா, மன்னிச்சுக்கணும். பெடல் ரெண்டும்..."

"பெடலு கெடக்கட்டும். அந்த ஆளு ஜேஜூ போனதுலேர்ந்து நான் ஆடினதே இல்ல, தெரியுமா? அவனை நினைச்சு இல்லடா, நேரம் எங்க?" அம்மா அவர் முதுகில் ஒரு அறை விட்டார். ஏலம் முடித்து வைக்கிற அறை. "அவ இன்னும் காத்திருக்காளா?"

"இருக்காம்மா."

"காத்திருக்க வேணாம்னு சொல்லு. வந்து திருக்கை சாப்பிடச் சொல்லு."

போங்சுவுக்குச் சிரிப்பு வந்தது. கும்ஜா மேடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "என்னங்க, அடி விழுந்துச்சே, வலிக்குதா?" என்றாள்.

"இல்லடி. பாராட்டு."

தாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கோட்டில் அரிசிக் கேக் ஒட்டியிருந்தது. போங்சு உடம்பைச் சுருக்கிக்கொண்டார்.

"ஐயா, நான் இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து எழுபதாவது பிறந்தநாள்ல யாரும் மேசை மேல ஏறினதில்ல. பாதி விருந்துலயே கிளம்பறதுக்குக் கோட்டைத் தேடுவாங்க. இங்க பாருங்க, ஒருத்தர் கிளம்பல." கையை நீட்டினார். "அடுத்த மாசத்துலேர்ந்து சனி, ஞாயிறு ரெண்டும் உங்களுக்கு. ஆனா ஒரு கண்டிஷன். இதே மாதிரி இருக்கணும். நடுவுல படகு வந்துடக் கூடாது."

"வராதுங்க," என்றார் போங்சு உறுதியாக.

தாக் போனதும் அவர் கும்ஜாவைப் பார்த்தார். கும்ஜா அவரைப் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

"எல்லாம் என் மிதிதான்," என்றாள் கும்ஜா. "ஞாபகம் வெச்சுக்குங்க."

"உன் மிதியேதான். இந்தச் சனியன் ஒண்ணுதான் இன்னிக்குத் துரும்பைக் கூடக் கிள்ளிப் போடல." போங்சு இடது பெடலைச் செல்லமாக ஒரு மிதி மிதித்தார். மனசு ஆறாமல் இன்னும் இரண்டு மிதி மிதித்தார். "நாளைக்கே குப்பையில போடறேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ வீறிட்டார்கள். நாற்காலி ஒன்று விழுகிற சத்தம் கேட்டது.

பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது. அதே கறுப்புக் கோட்டுப் பெண். ஒரு கையில் கையுறை இல்லை. மார்போடு ஒரு டேப்லெட்டை அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை போங்சுவின் முகத்துக்குப் போகவில்லை, நேராக அவருடைய இடது காலில் வந்து நின்றது.

"அண்ணே, சாமி, காலை எடுங்க! நீங்க மிதிக்க மிதிக்க எங்க ஹெட்மாஸ்டர் ஐயாவோட டேப்லெட்டுல பக்கம் ஓடுது, பின்னாடி போறது எப்படின்னு சீக்கிரம் சொல்லுங்க, பொண்ணுக்கு ரெண்டு மணிக் கல்யாணத்து மாப்பிள்ளையோட கல்யாணம் முடிஞ்சுபோச்சு!"